வட்டுக்கு வராத பழைய படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய திரைப்படங்களைத் தேடிப் பார்ப்பவர்கள் ஏதோ ஒரு கட்டத்தில் ஒரே சுவரில்தான் முட்டிக்கொள்கிறார்கள். ஒரு படத்தைப் பற்றிப் புத்தகத்தில் படித்திருப்பார்கள், அதே இயக்குநரின் மற்ற படங்களில் மனம் தோய்ந்திருப்பார்கள். அந்த ஒரு படம் மட்டும் டிவிடியாகவோ புளூ-ரேயாகவோ எங்கும் அகப்படாது. பல ஆண்டுகளாக இத்தகைய படங்களைத் தேடிவருபவன் என்ற முறையில், நண்பர்களும் புதிதாகத் தேடத் தொடங்கியவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

ஒரு பழைய படம் வட்டில் வரவில்லை என்றால், அது நல்ல படம் இல்லை என்றுதானே பொருள்?

இல்லை. இந்த எண்ணத்தை முதலில் களைந்துவிட வேண்டும், ஏனென்றால் தேடலைத் தொடங்கும் முன்பே பலரைக் கைவிடச் செய்வது இதுதான். தைவான் இயக்குநர் எட்வர்ட் யாங் 1991இல் எடுத்த ‘எ பிரைட்டர் சம்மர் டே’ உலகின் மிகச் சிறந்த படங்களுள் ஒன்றாக விமர்சகர்களால் பல ஆண்டுகள் போற்றப்பட்டுவந்தது; ஆனாலும் அதற்கு அமெரிக்காவில் முறையான வட்டு வந்தது 2016இல்தான். அதுவரை அதைப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் மங்கலான பிரதிகளைக் கொண்டே அதன் அருமையை ஊகித்துக்கொண்டார்கள்.

ஒரு படம் வட்டாக வெளிவர, படியெடுக்கத் தகுந்த நெகட்டிவோ (படம்பிடித்த மூலச்சுருள்) பிரிண்டோ (அதிலிருந்து எடுத்த, திரையிடும் படி) எங்காவது இருக்க வேண்டும். அதை வெளியிடும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்திருக்க வேண்டும். இவை இரண்டும் அமைந்த பிறகு, போட்ட முதல் திரும்பாமல் போனாலும் பரவாயில்லை என்று துணிந்து பணம் போட ஒருவர் முன்வர வேண்டும். இதில் ஏதேனும் ஒன்று தவறினாலும் படம் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். படத்தின் தரத்துக்கும் இதற்கும் உள்ள தொடர்பு மிகக் குறைவு.

உரிமைச் சிக்கல் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது உண்மையில் என்ன?

பெரும்பாலும் அது ஒரே சிக்கலாக இருப்பதில்லை. படத்தைத் தயாரித்த நிறுவனம் திவாலாகி, அதன் சொத்துகள் கடன் கொடுத்தவர்களிடம் போய், அங்கிருந்து வாரிசுகளுக்குப் பிரிந்து, ஒவ்வொருவரும் தமக்கே முழு உரிமை என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். இன்னொரு படத்தில், தயாரிப்பாளர் ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனி விநியோகஸ்தருக்கு எழுதிக் கொடுத்திருப்பார். 1960களில் எழுதப்பட்ட அந்த ஒப்பந்தத்தில் வீட்டில் போட்டுப் பார்க்கும் வீடியோ என்ற சொல்லே இருக்காது, ஏனென்றால் அப்படி ஒன்று வரும் என்று யாரும் நினைக்கவில்லை. அந்த உரிமை விற்கப்பட்டதா இல்லையா என்பதை முடிவுசெய்ய வழக்கறிஞர்கள் வேண்டும். வழக்கறிஞர்களுக்குக் கொடுக்கும் கட்டணத்தை இரண்டாயிரம் வட்டுகள் விற்று ஈட்ட முடியாது என்பதால், வெளியீட்டாளர் வேறு படத்தைத் தேடிப் போய்விடுவார்.

ஆர்சன் வெல்ஸ் தம் படங்களிலேயே மிகவும் நேசித்தவற்றுள் ஒன்று 1965ஆம் ஆண்டின் ‘சைம்ஸ் அட் மிட்நைட்’. உலகப் புகழ் பெற்ற இயக்குநர், புகழ் பெற்ற நடிகர்கள், ஷேக்ஸ்பியரின் பாத்திரங்கள் என்று எல்லாம் இருந்தும், உரிமை குறித்த தகராறுகளால் அது பல பத்தாண்டுகள் முறையாகக் காணக் கிடைக்கவில்லை. அமெரிக்காவில் அதன் மீட்டெடுத்த, அதாவது பழுதுநீக்கிப் புதுப்பித்த, பிரதி திரைக்கும் வட்டுக்கும் வந்தது 2016இல்.

இதில் பழமையான எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. சி. வி. ராமன் பிள்ளையின் நாவலைத் தழுவி 1933இல் எடுக்கப்பட்ட ‘மார்த்தாண்ட வர்மா’ என்ற மௌனப் படத்தின் திரையிடல், நாவலை வெளியிட்ட பதிப்பகம் தொடுத்த வழக்கினால் நின்றுபோனது. படம் பதிப்பகத்தாரின் வசம் சிக்கி, யாரும் பார்க்காத பொருளாகப் பல பத்தாண்டுகள் கிடந்து, பின்னர் புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தைச் சென்றடைந்தது. அந்தக் காலத்துத் தென்னிந்திய மௌனப் படங்கள் ஏறக்குறைய எல்லாமே ஓடித் தேய்ந்து அழிந்துபோக, வழக்கில் முடங்கிய இந்தப் படம் இன்றும் இருக்கிறது. முடக்கம் சில நேரங்களில் காப்பாகவும் அமைந்துவிடுவதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கிறது.

பின்னணியில் ஒலிக்கும் பாட்டுகூட ஒரு படத்தைத் தடுத்துவிடுமா?

தடுத்துவிடும். சார்ல்ஸ் பர்னெட் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது, வார இறுதி நாள்களில் மிகக் குறைந்த செலவில் ‘கில்லர் ஆஃப் ஷீப்’ படத்தை எடுத்து 1977 வாக்கில் முடித்தார். அதில் புளூஸ், ஜாஸ் இசைத்தட்டுகளிலிருந்து பாடல்களைப் பயன்படுத்தியிருந்தார். மாணவர் படம் என்பதால் அவற்றுக்கு உரிமை வாங்கவில்லை. அந்த ஒரே காரணத்தால் படம் திரையரங்குகளுக்கு வர முப்பது ஆண்டுகள் ஆயின. இசை உரிமைகளுக்கு 1,50,000 டாலர் செலுத்தப்பட்ட பிறகே 2007இல் அது திரையிலும் டிவிடியிலும் வெளியானது. படம் எடுக்க ஆன செலவைப் போலப் பல மடங்கு அதன் பாடல்களுக்கு ஆயிற்று.

உரிமை வாங்கிப் பயன்படுத்திய படங்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு. திரையரங்குக்கு மட்டும் வாங்கிய இசை உரிமை வட்டுக்குச் செல்லாது. அதனால் சில வெளியீட்டாளர்கள் பாடலை மாற்றிவிட்டு வெளியிடுகிறார்கள். வட்டு கையில் கிடைத்தும் படம் கிடைக்கவில்லை என்றுதான் அதைச் சொல்ல வேண்டும்.

நான் தேடும் படம் கிடைக்கவில்லையா, அழிந்தே போய்விட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இந்த இரண்டையும் ஒன்றாகக் கருதுவது பொதுவான தவறு. எந்தப் பிரதியும் எங்கும் இருப்பதாக அறியப்படாத படமே அழிந்த படம். காப்பகத்தில் நல்ல நெகட்டிவ் இருந்தும் வட்டில் வராத படங்கள் எண்ணிலடங்காதவை. அவற்றை அடைபட்ட படங்கள் என்று சொல்லலாம்.

அழிவும் சிறிய அளவில் நடக்கவில்லை. 1950களின் தொடக்கம் வரை 35 மி.மீ. அகலச் சுருள் கொண்ட படங்கள் பெரும்பாலும் நைட்ரேட் சுருளில்தான் எடுக்கப்பட்டன. அது எளிதில் தீப்பற்றும். பற்றிய பிறகு காற்று இல்லாமலும் எரியும் என்பதால் தண்ணீராலும் அணைக்க முடியாது. தீப்பிடிக்காமல் தப்பினாலும், காலப்போக்கில் பிசுபிசுத்துப் பொடியாக உதிர்ந்துவிடும். 1937இல் நியூ ஜெர்சியில் ஃபாக்ஸ் நிறுவனத்தின் சேமிப்புக் கிடங்கு எரிந்தபோது, அந்நிறுவனத்தின் மௌனப் படங்களில் பெரும்பகுதி ஒரே இரவில் போயிற்று. அமெரிக்காவில் எடுக்கப்பட்ட ஏறத்தாழ 11,000 மௌன முழுநீளப் படங்களில் 14 விழுக்காடு மட்டுமே வெளியானபோது இருந்த வடிவிலேயே முழுமையாக எஞ்சியுள்ளன என்று அந்நாட்டு நாடாளுமன்ற நூலகம் 2013இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது.

ஆனாலும் அழிந்ததாக எழுதப்பட்ட படங்கள் திரும்பி வந்திருக்கின்றன. டென்மார்க் இயக்குநர் டிரையர் இயக்கிய ‘தி பேஷன் ஆஃப் ஜோன் ஆஃப் ஆர்க்’ படத்தின் முதல் வடிவம் 1981இல் ஆஸ்லோவில் ஒரு மனநல மருத்துவமனையில் கண்டெடுக்கப்பட்டது. ‘மெட்ரோபொலிஸ்’ என்ற ஜெர்மன் மௌனப் படத்திலிருந்து 1927இலேயே வெட்டப்பட்டு, இனி இல்லை என்று கைவிடப்பட்ட காட்சிகளில் ஏறத்தாழ 25 நிமிடங்கள், 2008இல் புவெனஸ் ஐரிஸ் நகரத் திரைப்பட அருங்காட்சியகத்தில் ஒரு 16 மி.மீ. பிரதியில் கிடைத்தன. டெட் கோச்செஃப் ஆஸ்திரேலியாவில் எடுத்த ‘வேக் இன் ஃப்ரைட்’ 1971இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் போட்டியிட்ட படம். பிற்காலத்தில் வட்டாக்கத் தகுந்த பிரதி ஒன்றுகூட இல்லாமல் போயிற்று. அதன் படத்தொகுப்பாளர் அந்தனி பக்லி ஆண்டுக்கணக்கில் தேடி அலைந்து, பிட்ஸ்பர்கில் ‘அழிப்பதற்கு’ என்று எழுதிவைக்கப்பட்ட பெட்டிகளில் அதன் மூலச்சுருள்களைக் கண்டார். 2009இல் படம் மீண்டும் கானில் திரையிடப்பட்டது.

எல்லாவற்றிலும் என்னை மிகவும் உலுக்கியது, ஈரானிய இயக்குநர் முகமது ரேசா அஸ்லானியின் ‘காற்றின் சதுரங்கம்’. 1976இல் தெஹ்ரான் விழாவில் காட்டப்பட்ட படம், 1979 புரட்சிக்குப் பின் தடைசெய்யப்பட்டு, சுருள்களும் காணாமல் போயின. 2014இல் இயக்குநரின் மகன் ஒரு பழம்பொருள் கடையில் நின்றபோது, தன் தந்தையின் படப்பெட்டிகளே அங்கு இருப்பதைக் கண்டார். 2020இல் மீட்டெடுக்கப்பட்டு அது உலகத்துக்குக் கிடைத்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தம் படத்தை யாரும் பார்க்காமலே வாழ்ந்த ஒருவர், அதை மீண்டும் பார்க்க உயிரோடு இருந்தார் என்பது எனக்கு எந்தப் படத்தின் முடிவையும் விடப் பெரியதாகத் தோன்றுகிறது.

எந்த வகைப் படங்கள் அதிகமாகக் கைவிடப்படுகின்றன?

பின்னால் நிறுவனம் எதுவும் இல்லாத படங்கள். பெரிய படப்பிடிப்பு நிறுவனங்களின் படங்கள் உறங்கினாலும் கிடங்கில் உறங்கும். சொந்தப் பணத்தில் எடுத்தவரின் சுருள்களோ, பதப்படுத்தும் லேப் மூடப்படும் நாளில் தெருவுக்கு வந்துவிடும். பார்பரா லோடன் எழுதி இயக்கி நடித்த ‘வாண்டா’, 1970இல் வெனிஸ் விழாவில் பரிசு பெற்ற படம். அதன் மூலச்சுருள்கள், 2007இல் மூடப்படவிருந்த ஒரு லேபிலிருந்து கடைசி நேரத்தில் எடுத்துக் காப்பாற்றப்பட்டன. கேத்லீன் காலின்ஸ் 1982இல் முடித்த ‘லூசிங் கிரவுண்ட்’ அவர் வாழ்ந்த காலத்தில் திரையரங்கு வெளியீட்டையே காணவில்லை. அவருடைய மகள் நெகட்டிவை மீட்டு, 2015இல் அது வெளிவரக் காரணமானார். இரண்டும் பெண்கள் இயக்கிய படங்கள் என்பது தற்செயல் அன்று. தங்களுக்குப் பின்னால் காப்பாற்றும் ஏற்பாடு எதுவும் இல்லாதவர்களின் வேலைதான் முதலில் மறைகிறது.

காப்புரிமைக் காலம் முடிந்துவிட்ட படங்கள் எளிதாகக் கிடைக்க வேண்டுமே?

கிடைக்கும், ஆனால் எந்த நிலையில் என்பதுதான் கேள்வி. அமெரிக்காவில் பழைய படங்களுக்குக் காப்புரிமை வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுகள். இந்தியாவில் 60 ஆண்டுகள். ஐரோப்பிய ஒன்றியத்தில் இயக்குநர், எழுத்தாளர், இசையமைப்பாளர் முதலியோரில் கடைசியாக மறைந்தவருக்குப் பின் 70 ஆண்டுகள். ஆகவே ஒரே படம் ஒரு நாட்டில் யாரும் பயன்படுத்தக்கூடிய பொதுவுடைமையாகவும் இன்னொரு நாட்டில் தனியுடைமையாகவும் இருக்கக்கூடும்.

1968இல் வெளியான ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ படத்தின் தலைப்பைக் கடைசி நேரத்தில் மாற்றியபோது, பழைய தலைப்பு அட்டையில் இருந்த காப்புரிமைக் குறிப்பு புதியதில் விடுபட்டுப்போனது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அதனால் படம் உடனே பொதுவுடைமையாயிற்று. விளைவாக, யார் வேண்டுமானாலும் எந்தத் தேய்ந்த பிரிண்டிலிருந்தும் கேசட்டும் டிவிடியும் போட்டார்கள். எல்லோரும் விற்கக்கூடிய படத்துக்குச் செலவழித்து மூல நெகட்டிவிலிருந்து மீட்டெடுக்க யாருக்கும் வணிகக் காரணம் இல்லாததால், நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகமும் பழைய படங்களைக் காக்கும் அமைப்பான ஃபிலிம் ஃபவுண்டேஷனும் அதைச் செய்த பின்புதான், ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்து, அது எடுக்கப்பட்ட நிலையில் காணக் கிடைத்தது.

கேசட்டில் வந்த படம் ஏன் டிவிடியில் வரவில்லை?

விஎச்எஸ் என்ற வீடியோ கேசட் 1976இல் வந்தது, டிவிடி 1990களின் நடுவில், புளூ-ரே 2006இல். ஒவ்வொரு வடிவம் மாறும்போதும் படங்களை மீண்டும் படியெடுக்க வேண்டியிருக்கிறது. உரிமையையும் பெரும்பாலும் புதிதாக வாங்க வேண்டியிருக்கிறது. அப்படி ஒவ்வொரு முறையும் ஒரு கூட்டம் படங்கள் கரையிலேயே நின்றுவிடுகின்றன. கேசட்டுக்காக எடுத்த பழைய படி, தெளிவு மிகக் குறைந்தது என்பதால் அதையே டிவிடியில் பதிந்து விற்கவும் முடியாது. விஎச்எஸ் கருவிகளைக் கடைசி வரை தயாரித்துவந்த ஜப்பானிய நிறுவனம் 2016இல் அதை நிறுத்திவிட்டது. ஆகையால் கேசட்டில் மட்டுமே உள்ள படங்களைப் பார்க்கும் வழியும் ஆண்டுதோறும் குறுகுகிறது.

ஓடிடி தளங்களில் எல்லாம் வந்துவிடும் அல்லவா?

வராது. வந்தவையும் உரிமைக் காலம் முடிந்ததும் போய்விடும். தளத்துக்கான உரிமையும் மேலே சொன்ன அதே தடைகளைத் தாண்டித்தான் வர வேண்டும்.

தேடலை எங்கிருந்து தொடங்குவது?

பெயரிலிருந்து. பழைய படங்களுக்குப் பல நாடுகளில் பல பெயர்கள். நீங்கள் அறிந்த ஆங்கிலப் பெயரில் தேடி ஒன்றும் கிடைக்காத படம், அதன் மூலமொழிப் பெயரில் இன்னொரு நாட்டில் ஆண்டுக்கணக்காக விற்றுக்கொண்டிருக்கலாம். மூலமொழியின் எழுத்திலேயே பெயரை எழுதித் தேடுங்கள். ஆண்டையும் ஒன்றிரண்டு முன்பின்னாக வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் முடித்த ஆண்டு, விழாவில் காட்டிய ஆண்டு, திரைக்கு வந்த ஆண்டு மூன்றும் வேறாக இருக்கும். நான் ஒரு படத்தை ஆறு ஆண்டுகள் தேடினேன். அது வேறொரு தலைப்பில், இன்னொரு படத்தோடு சேர்ந்து ஒரே உறையில் எப்போதோ வெளியாகியிருந்தது என்பதை, இயக்குநரின் பெயரை வைத்துத் தேடியபோதுதான் கண்டேன்.

அடுத்தபடி நூலகங்கள். பல்கலைக்கழக நூலகங்களில் விற்பனையிலிருந்து நீங்கிய வட்டுகளும் கேசட்டுகளும் இன்னும் அலமாரியில் இருக்கின்றன. அவற்றின் பட்டியல்கள் பெரும்பாலும் இணையத்திலேயே பார்க்கக் கிடைக்கின்றன. அதற்கும் மேலே திரைப்பட ஆவணக் காப்பகங்கள். 1938இல் தொடங்கிய பன்னாட்டுத் திரைப்படக் காப்பகக் கூட்டமைப்பின் உறுப்பினர்கள் பலர், ஆய்வு நோக்கத்தை எழுத்தில் தெரிவித்து முன்கூட்டியே நாள் கேட்பவர்களுக்குத் தங்கள் இடத்திலேயே படத்தைக் காட்டுகிறார்கள். ஆய்வாளர் மட்டும்தான் கேட்கலாம் என்று தயங்காதீர்கள். அக்கறையோடு எழுதப்பட்ட கடிதத்தை இவர்கள் மதிக்கிறார்கள். இத்தாலியில் போலோன்யாவில் 1986 முதல் நடக்கும் விழாவும், போர்டெனோனேயில் 1982 முதல் நடக்கும் மௌனப் பட விழாவும் மீட்டெடுத்த படங்களுக்கே உரியவை. அவற்றின் நிகழ்ச்சி நிரலைப் பார்த்துவந்தால், எந்தப் படம் சில ஆண்டுகளில் வட்டாக வரக்கூடும் என்பதை முன்கூட்டியே அறியலாம். நடனக் கலைஞர் உதய் சங்கரின் ‘கல்பனா’ சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் எடுக்கப்பட்டு 1948இல் வெளியானது. உலக சினிமா அறக்கட்டளை அதை மீட்டெடுத்து 2012இல் கான் விழாவில் காட்டியது. அதற்குப் பிறகே வட்டுக்கான வழி திறந்தது.

வெளியீட்டாளர்களுக்கும் எழுதுங்கள். ‘இந்தப் படத்தை எப்போது வெளியிடுவீர்கள்’ என்று கேட்பதைவிட, உரிமை கடைசியாக யாரிடம் இருந்தது, நல்ல பிரிண்ட் எந்தக் காப்பகத்தில் உள்ளது என்று நீங்கள் அறிந்ததைச் சேர்த்து எழுதினால் அது அவர்களுடைய வேலையில் பாதியைச் செய்துகொடுத்ததற்குச் சமம்.

வேறு நாட்டில் வெளியான வட்டு என் கருவியில் ஓடுமா?

டிவிடிக்கு உலகத்தை ஆறு மண்டலங்களாகவும், புளூ-ரேக்கு ஏ, பி, சி என்று மூன்றாகவும் பிரித்திருக்கிறார்கள். வேறு மண்டலத்து வட்டு சாதாரணக் கருவியில் ஓடாது. எல்லா மண்டலங்களையும் ஏற்கும் கருவி ஒன்று வைத்துக்கொள்வதே அரிய படங்களைத் தேடுபவருக்குச் சரியான தீர்வு. மண்டலக் குறியே இல்லாத வட்டுகளும் உண்டு, உறையைப் பார்த்து வாங்குங்கள். துணைத்தலைப்பு எந்த மொழியில் உள்ளது என்பதையும் வாங்கும் முன் உறுதிசெய்யுங்கள். தேடிப் பிடித்த படம் புரியாமல் போவதைப் போன்ற ஏமாற்றம் வேறில்லை.

உறையில் போட்டிருக்கும் நேரம் புத்தகத்தில் உள்ளதைவிடக் குறைவாக இருக்கிறது. வெட்டிவிட்டார்களா?

உடனே அப்படி முடிவுகட்ட வேண்டாம். திரைப்படம் நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகிறது. ஐரோப்பாவிலும் வேறு பல நாடுகளிலும் வழங்கிய ‘பால்’ (PAL) என்ற முறைத் தொலைக்காட்சியோ நொடிக்கு 25 சட்டகங்களைக் காட்டுவது. அந்த முறையில் செய்த டிவிடியில் படம் சற்று வேகமாக ஓடி, 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடிந்துவிடும். குரல்களும் கொஞ்சம் கூர்மையாக ஒலிக்கும். வேறுபாடு நான்கு விழுக்காட்டுக்கு மேல் இருந்தால்தான் வெட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

படம் திரை முழுவதையும் நிரப்பவில்லை. நிறமும் சிவந்திருக்கிறது. இது குறையா?

1953க்கு முன் எடுத்த படங்கள் ஏறக்குறைய சதுரமான சட்டகத்தில்தான் இருந்தன. அகலத் திரையில் இரு பக்கமும் கறுப்பாக வருவதே அவற்றுக்குச் சரி. நிரப்புவதற்காக மேலும் கீழும் நறுக்கிய வட்டுதான் தவறு. பிற்கால அகலத்திரைப் படம் சதுரமாக வந்தால், பக்கங்களைப் பறிகொடுத்திருக்கலாம்.

சிவந்த நிறமோ, சுருளுக்கு வந்த நோயின் அடையாளம். 1950இல் வந்த ஈஸ்ட்மேன்கலர் சுருளில் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளிறிவிட, எஞ்சுவது இளஞ்சிவப்பு மட்டுமே. பழைய மூன்று சுருள் டெக்னிகலர் முறையில், ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கறுப்பு வெள்ளை நெகட்டிவ் இருந்ததால் அது வெளிறுவதில்லை. அதனால்தான் 1940களின் வண்ணப் படம் ஒன்று 1970களின் படத்தைவிடப் புத்தம் புதிதாகத் தெரிகிறது.

தரம் குறைந்த பிரதிதான் கிடைத்தது. பார்க்கலாமா, நல்லது வரும்வரை காத்திருக்கலாமா?

பாருங்கள். நல்ல பிரதிக்காகக் காத்திருந்து ஒரு படத்தையே பார்க்காமல் போன நண்பர்களை நான் அறிவேன். மங்கிய பிரதியிலும் நடிப்பும் காட்சிகள் அடுக்கப்பட்ட விதமும் தெரியும். ஒளிப்பதிவைப் பற்றி மட்டும் தீர்ப்புச் சொல்லாதிருங்கள். ஒளியும் நிழலுமே உயிரான படம் என்றால், அதைப் பற்றி எழுதும்போது எந்தப் பிரதியைப் பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். உரிமையாளர் இருந்து, முறையான வெளியீடும் இருக்கும் படத்துக்கு மட்டும் திருட்டுப் பிரதியை நாடாதீர்கள். மூவாயிரம் பேர் வாங்கினால்தான் அடுத்த படத்தை மீட்க முடியும் என்ற கணக்கில் இயங்குபவர்களின் அடுப்பை அது அணைத்துவிடும்.

கேட்பவருக்கு மட்டும் பதிந்து தரும் வட்டுகளை வாங்கலாமா?

வாங்கலாம். 2009இல் வார்னர் நிறுவனம் இந்த முறையில் தன் கிடங்கிலிருந்த படங்களைக் கொடுக்கத் தொடங்கியதால், வேறு வழியில் வந்தே இருக்காத நூற்றுக்கணக்கான படங்கள் கிடைத்தன. இவற்றில் பல, ஆலையில் அச்சாகாமல் சாயப் படலத்தில் பதியப்படுபவை. வெயிலும் வெப்பமும் படாமல் வையுங்கள்.

என்னிடம் பழைய படச்சுருள் ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. என்ன செய்வது?

முதலில், அதைக் கருவியில் மாட்டி ஓட்டிப் பார்க்காதீர்கள். சுருங்கிப்போன சுருளின் துளைகள் ஒரே ஓட்டத்தில் கிழிந்துவிடும். பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால், அது அசிட்டேட் சுருள் (நைட்ரேட்டுக்குப் பின் வழங்கிய வகை) சிதையத் தொடங்கியதன் அறிகுறி. அந்த ஆவி பக்கத்திலுள்ள நல்ல சுருள்களையும் கெடுக்கும் என்பதால் தனியே எடுத்துக் குளிர்ந்த, உலர்ந்த, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். 35 மி.மீ. சுருள் பிசுபிசுப்பாகவோ பழுப்புப் பொடியாகவோ இருந்தால் நைட்ரேட்டாக இருக்கலாம். வெப்பத்துக்கும் தீக்கும் அருகில் கொண்டுபோகாமல், அஞ்சலில் அனுப்பாமல், உங்கள் நாட்டுத் திரைப்படக் காப்பகத்துக்குச் சொல்லுங்கள். அவர்களுக்கு இதைக் கையாளும் முறை தெரியும்.

பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டுகளைக் கிழித்துச் சுத்தம் செய்துவிடாதீர்கள். அழுக்கேறிய அந்தச் சீட்டில் உள்ள லேபின் பெயரும் ரீல் எண்ணும், உள்ளே இருப்பது யாருடைய படம், எத்தனை பெட்டிகளில் இது எத்தனையாவது என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சியாக இருக்கலாம்.